பதினெட்டாயிரம் ரூபாயும் ஓர் ஊரின் தண்ணீரும்: ஆசிரியர்களுக்கான சிறு நிதித் திட்டம் ஒன்றின் மதிப்புரை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் எண்பத்தேழு பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். வகுப்பறையில் புதிதாக ஏதேனும் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு 20,000 ரூபாய் வரை தரும் ஒரு தனியார் அறக்கட்டளையிடம் சென்ற கல்வியாண்டில் விண்ணப்பித்து, 18,000 ரூபாய் பெற்றேன். அந்தத் திட்டம் எப்படி இருந்தது, மற்ற ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாமா என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே விண்ணப்பித்தவர்கள் பாதி படிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பெயரைவிட, இத்தகைய நிதி எப்படி வந்து எப்படிச் செலவாகிறது என்பதே பயன்படும்.

அரசுப் பள்ளிக்குப் பணமே வருவதில்லை என்று சொன்னால் அது பொய். அனைவருக்கும் கல்வி இயக்கம் நடந்த காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் துணைக்கருவி மானியம் வந்தது. நாலு சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கினால் தீர்ந்துபோகும் தொகைதான் என்றாலும், எதை வாங்குவது என்பதை வகுப்பில் நிற்பவரே முடிவு செய்தார். 2018-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தபின் மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்கு மொத்தமாக வருகிறது. 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்பது விதிமுறை, அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. மீதியில் சாக்பீஸ், பதிவேடுகள், மின்விசிறி பழுது, உடைந்த குழாய் என்று போய்விட்டால் அறிவியல் வகுப்புக்கு என்ன மிஞ்சும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்ற தமிழக அரசுத் திட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கருத்தாளர்களைச் சோதனைப் பொருள்களோடு அனுப்புகிறது. அவர்கள் வரும் நாள் எங்கள் பிள்ளைகளுக்குத் திருவிழா நாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சோதனை என்பதை வேறு யாரோ வேறு எங்கோ தீர்மானித்திருப்பார்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் அந்தப் பையில் இருக்காது.

விண்ணப்பத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டத்தில் மிகச் சிறந்த பகுதி அதுதான். இரண்டே பக்கம், தமிழிலேயே நிரப்பலாம். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் உங்கள் ஊரில் அதைச் செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்குப் பின், 'நினைத்தபடி நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. பதினாறு ஆண்டுப் பணியில் எந்தப் படிவமும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நமது படிவங்கள் எல்லாம் நூறு சதவீத வெற்றியை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்பவை. அந்த ஒரு கேள்விக்காகவே நான் இரண்டு இரவு உட்கார்ந்து யோசித்தேன். பிறகு ஒரு நாள் மாலை அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து இருபது நிமிடம் பேசினார். அவரும் முன்னாள் ஆசிரியர் என்பது அவர் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது.

நான் கேட்டது இதற்காக. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில், பல்லில் கறை படியவைக்கும் ஃபுளூரைடு கூடுதல் என்பது இங்கே பிறந்த யாருக்கும் செய்தி அல்ல. பாறையில் இருக்கும் கனிமங்களிலிருந்து அது கரைந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். ஆனாலும் காவிரித் தண்ணீர் குறையும் நாளில் டேங்க்கில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுவது எங்கள் ஊரில் வழக்கம். எந்தத் தெருவுக்கு எந்தத் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே சோதித்து, பள்ளிச் சுற்றுச்சுவரில் ஊர் வரைபடமாக வண்ணத்தில் தீட்ட வேண்டும் என்பது என் திட்டம்.

ஒப்புதல் ஜூலையில் வந்தது; பணம் நவம்பரில் வந்தது. இது முதல் குறை, பெரிய குறையும் கூட. கோடையின் மிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்றும் மழைக்குப் பின் ஒரு சுற்றும் சோதித்து ஒப்பிட நினைத்திருந்தேன். பணம் வந்த வாரத்தில் ஊர்க் கிணறுகள் நிரம்பிக் கிடந்தன. பணத்தை என் சொந்தக் கணக்கில் போடாமல், தீர்மானம் கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் போட்டது சரியான முறை. அரசு ஊழியருக்குப் பின்னால் தலைவலி வராது. கையெழுத்துக்குக் குழுத் தலைவி வர வேண்டும். எங்கள் தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிற தாய். இரண்டு முறை வேலையை விட்டு வங்கிக்கு வந்தவருக்கு அந்த நாள்களின் கூலி போனது. அதை ஈடுகட்ட எந்தத் தலைப்பும் செலவுப் பட்டியலில் கிடையாது.

முதல் தவணை 12,600 ரூபாய். மீதி 5,400 கணக்கு ஒப்படைத்த பிறகு. அதாவது கடைசி 5,400 ரூபாயை ஆசிரியர் கைப்பணத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரரான எனக்கு அது முடிந்தது. தொகுப்பூதியத்தில் பணிபுரியும் தற்காலிக ஆசிரியர் ஒருவர் இதை எப்படிச் செய்வார் என்று அறக்கட்டளை யோசித்ததாகத் தெரியவில்லை.

பில் விஷயம் அதைவிடச் சலிப்பூட்டியது. ஃபுளூரைடு சோதனைப் பெட்டி இரண்டு 4,600 ரூபாய்க்கும், கூடுதல் மருந்துக் குப்பிகள் 2,400 ரூபாய்க்கும் சேலத்துக் கடை ஒன்றிலிருந்து ஜி.எஸ்.டி. பில்லோடு வந்துவிட்டன. பெயின்ட், பிரஷ், மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் சிக்கல் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்து வரைபடத்தின் கோடுகளை இழுத்துக் கொடுத்த உள்ளூர் பெயின்டருக்கு மூன்று நாள் கூலி 3,000 ரூபாய், அவருக்கும் ஜி.எஸ்.டி. பில் வேண்டும் என்றார்கள். மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு கைப்பட எழுதிய செலவுச் சீட்டை ஏற்றுக்கொண்டார்கள். பெட்டிகளைத் தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து கொண்டுவந்த ஆட்டோ வாடகை 740 ரூபாயை ஏற்கவே இல்லை. அமெரிக்காவில் பிராங்ஸ் பகுதிப் பள்ளி ஆசிரியர் சார்லஸ் பெஸ்ட் 2000-இல் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் அமைப்பு ஆசிரியர் கையில் பணமே கொடுப்பதில்லை. கேட்ட பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறது. பில் சேர்க்கும் தொல்லை அதில் இல்லை. ஆனால் எங்கள் பெயின்டரைப் பார்சலில் அனுப்ப முடியாது என்பதால், இத்தனைக்குப் பிறகும் நான் பணமாகத் தருவதையே விரும்புவேன்.

இனி வகுப்பறை. சோதனை எளிது. குறித்த அளவு தண்ணீரில் இளஞ்சிவப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் காத்திருந்தால், ஃபுளூரைடு இருக்கும் அளவுக்கு நிறம் மஞ்சளை நோக்கி நகரும். மருந்தில் சிர்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்திருக்கின்றன. ஃபுளூரைடு சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, தனித்து விடப்பட்ட சாயம் மஞ்சளுக்குத் திரும்புகிறது. மருந்து அமிலக் கரைசல் என்பதால் சொட்டு விடுவதை மட்டும் நான் செய்தேன். தண்ணீர் பிடிப்பது, பெயர் எழுதுவது, நிற அட்டையோடு ஒப்பிடுவது, பதிவு செய்வது எல்லாம் பிள்ளைகள். கண்ணாடியோடு ஃபுளூரைடு வினைபுரியும், அதனால் தண்ணீரைப் பிளாஸ்டிக்கில்தான் பிடிக்க வேண்டும் என்று சொன்னதும், வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வைத்திருந்த இரண்டு பேர் முகம் வாடிப் போனார்கள்.

ஊரில் ஐம்பத்திரண்டு இடங்கள். முதல் வாரம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் வாரத் திங்கட்கிழமை டேங்க் தெருவில் இருந்து வந்த ஒன்பது பாட்டில்களும் ஒன்று விடாமல் மஞ்சளாக மாறின. அதே தெருவில் வெள்ளிக்கிழமை எடுத்த இரண்டில் இளஞ்சிவப்பு அப்படியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பகீரென்றது. இதைச் சுவரில் தீட்டினால் ஊராட்சியில் என்ன பேச்சு வரும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அப்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், "மிஸ், இதுல பிளீச்சிங் வாசனை வருது. துணி வெளுக்கிற மாதிரி மருந்தையே இது வெளுத்திருக்குமோ?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதுதான் நடந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை டேங்க் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் மிஞ்சிய குளோரின் சாயத்தை வெளுக்கும் என்பது பெட்டியோடு வந்த தாளில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்காமல் விட்டிருந்தேன். அந்த ஒன்பது இடத்துத் தண்ணீரையும் அகலமான பிளாஸ்டிக் டப்பாக்களில் ஓர் இரவு திறந்து வைத்து மறுநாள் சோதித்தோம். ஏழு இளஞ்சிவப்புக்குத் திரும்பின; இரண்டு திரும்பவில்லை. அந்த இரண்டும் தெருக்கோடியில், தனி போரிலிருந்து இணைப்பு எடுத்த வீடுகள். ஒன்பது மருந்துச் சோதனைகள் வீண் என்று கணக்கு நோட்டில் எழுதும்போது, 'நினைத்தபடி நடக்காவிட்டால்' என்ற கேள்வியைக் கேட்டவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வேறு எந்தத் திட்டத்திலும் அந்த ஒன்பதை நான் மறைத்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். பற்களில் பழுப்புக் கறை. இனி நல்ல தண்ணீர் குடித்தால் கறை போய்விடுமா என்று தனியாக வந்து கேட்டான். பல்லின் மேற்பூச்சு சின்ன வயதிலேயே உருவாகி முடிந்துவிடுவதால் தண்ணீரை மாற்றினால் அது போகாது என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "தங்கச்சிக்கு ரெண்டு வயசு மிஸ்" என்றான். அந்த வாரம் அவன் வீட்டுக் குழாயிலிருந்து மட்டும் இரண்டு பாட்டில் வந்தது.

இதையெல்லாம் இறுதி அறிக்கையில் எழுத இடம் இருந்ததா என்றால், இல்லை. விண்ணப்பத்தை வடிவமைத்தவரும் அறிக்கைப் படிவத்தை வடிவமைத்தவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள் என்பதை நம்புவது கடினம். அறக்கட்டளையின் பேனரைப் பிள்ளைகள் பிடித்திருக்கும் மூன்று படம், 'திட்டத்துக்கு முன்' மதிப்பெண், 'திட்டத்துக்குப் பின்' மதிப்பெண், முன்னேற்றச் சதவீதம். பாட்டிலை முகர்ந்து பார்த்தவளுக்கு எத்தனை சதவீதம் போடுவது? அந்தக் கட்டத்தில் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணை எழுதி அனுப்பிவிட்டு, பதிவு நோட்டின் பன்னிரண்டு பக்கத்தைப் படமெடுத்துத் தனி மின்னஞ்சலில் அனுப்பினேன். தொலைபேசியில் பேசிய அதே ஆசிரியரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது, பக்கம் ஏழில் உள்ள கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டி. அவர் படித்திருக்கிறார், அது போதும். இரண்டாம் தவணை ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்தது.

விண்ணப்பிக்கலாமா என்றால், ஊரில் எதைத் தேட வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த ஆசிரியர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஸ்மார்ட் போர்டோ பெஞ்சோ வாங்க நினைப்பவருக்கு இது இடம் அல்ல. அதற்கு வேறு வழிகள் உள்ளன. பணம் கைக்கு வர நாலு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, பருவம் சார்ந்த வேலையை அதற்கேற்பத் தள்ளிப் போடுங்கள். கூலிச் செலவு எதுவாக இருந்தாலும் கைப்படச் செலவுச் சீட்டு செல்லும் என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரின் மனமுவந்த ஒத்துழைப்பு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். எங்கள் தலைமை ஆசிரியர் ஊராட்சிக்கு முதலிலேயே நேரில் போய்ச் சொல்லிவிட்டதால்தான் சுவரில் ஃபுளூரைடு கூடிய இடங்களுக்குச் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது கூச்சல் எழவில்லை. தெருக்கோடி வீடுகளுக்குக் காவிரிக் குழாயை நீட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் நீட்டவில்லை.

நான் செய்த தவறையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மருந்துக் குப்பிகளை ஒரே தடவையில் வாங்கினேன். மார்ச் மாதச் சுற்றுக்குள் இரண்டு குப்பிகளின் காலாவதித் தேதி கடந்துவிட்டது. இந்த ஆண்டு மீண்டும் கேட்டிருக்கிறேன், 6,000 ரூபாய் மட்டும், மருந்து இரண்டு தவணையாக வாங்குவதற்கு. ஒரு முறை நிதி பெற்றவருக்கு மறு ஆண்டு 'பழைய திட்டம்' என்ற காரணத்தால் தருவதில்லை என்பது அவர்கள் விதி என்று கேள்விப்படுகிறேன். மேற்குத் தெருவில் நான்கு குழாய்களுக்குச் சுவரில் வெறும் வட்டம்தான் இருக்கிறது, நிறம் இல்லை.