ராக்கெட்டா, சிவப்புக் கம்பளமா?

கையில் மூன்று மணி நேரம் இருந்தால் விண்வெளிப் படம் பார்ப்பதா, ஆஸ்கர் விருது விழா பார்ப்பதா? காரைக்குடியில் எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. எனக்குப் படம், ஆச்சிக்கு (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விழா. அப்பத்தா எதைப் போட்டாலும் பார்ப்பார், இரண்டையும் திட்டுவார்.

உடுப்பு, நகை என்று வந்தால் போட்டியே இல்லை. விண்வெளி உடைக்குள் புகுந்துவிட்டால் கதாநாயகன் யார், பக்கத்தில் இருப்பவன் யார் என்றே தெரியாது. ஆஸ்கர் கம்பளத்தில் நடப்பவர்களை ஆச்சி தலை முதல் கால் வரை அளந்துவிடுவாள். "கழுத்துல கெடக்குறதுல பாதி கடைக்காரன் இரவலாக் குடுத்ததுதான் தம்பி" என்பாள். உண்மைதான், பெரிய நகைக்கடைகள் விளம்பரத்துக்காகக் கொடுத்து வாங்குவது அங்கே வழக்கம். வைரத்தோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தே பழகிய அப்பத்தாவுக்கு இது பெரிய ஏமாற்றம்: "இரவலுக்கா இம்புட்டு மினுக்கு?"

நேரக் கணக்கில் விழா தோற்கும். அமெரிக்காவில் ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கள் விடிகாலை. முக்கியமான பரிசு வரும்போது வீட்டில் பாதிப் பேர் குளியலறையில் இருப்பார்கள்.

எனக்கு உண்மையில் ஆறாதது வேறு. விழாக்காரர்களுக்கு அறிவியல் படம் என்றாலே ஓர் இளக்காரம். பந்தியில் இலை போடுவார்கள், மணவறைப் பக்கம் விடமாட்டார்கள். ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001' என்ற விண்வெளிப் படத்துக்குக் கிடைத்தது காட்சி விளைவுகளுக்கான ஓர் ஆஸ்கர் மட்டும்தான். சிறந்த படத்துக்கான பட்டியலில்கூட அது இல்லை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' பரிசுகளை அள்ளியும் சிறந்த படம் வேறொன்றுக்குப் போனது. 'கிராவிட்டி' இயக்குநர் விருது உட்பட ஏழு வாங்கியது, அதற்கும் அதே கதிதான். 2023இல்தான் பல உலகங்களில் தாவும் ஒரு குடும்பக் கதை, 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்', அந்தக் கதவை உடைத்தது. நம் ஊரிலும் பெரிய வித்தியாசமில்லை. 'எந்திரன்' வாங்கிய தேசிய விருதுகள் காட்சி விளைவுகளுக்கும் கலை வடிவமைப்புக்கும்தான்.

ஆனால் ஒன்றை ஆச்சிக்கு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 2009இல் ஏ.ஆர். ரகுமான் அந்த மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னாரே, அந்தச் சிலிர்ப்பை எந்த ராக்கெட்டும் தந்ததில்லை. என்ன, அப்படி ஒரு நிமிடத்துக்காக எத்தனை வருடம் சோப்பு விளம்பரம் பார்ப்பது?

படம் மோசமாக இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குச் சண்டை போட ஏதாவது கிடைக்கும். 1963இலேயே 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பாட்டுக் கற்றுக்கொள்ளப் பூமியிலிருந்து பெண்ணைக் கடத்திப் போனார்கள். பறக்கும் தட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும், அந்த யோசனை இன்றைக்கும் புதுசு. 'இன்று நேற்று நாளை' காலயந்திரத்தை வைத்துச் சிரிக்க வைத்தது, பிரம்மாண்டம் ஏதும் இல்லாமலே.

ஏவி.எம். ஸ்டுடியோ முதலில் ஓடியது இந்தக் காரைக்குடியில்தான். இன்றைக்கும் படக்குழுக்கள் வருகின்றன, எங்கள் தெரு வீடுகளில் கல்யாணமும் பங்காளிச் சண்டையும் எடுத்துக்கொண்டு போகின்றன. பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் இருக்கும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஒரு காலப்பயணக் கதையை எடுத்தால் நூறு வருடத்துக்கு முந்தைய காட்சிக்குச் செட்டே வேண்டாம். ஸ்விட்ச் போர்டை மட்டும் மறைத்தால் போதும்.