வைரல் லோடு குறைவு, ஆனால் சிரோசிஸ்: காத்திருப்பதா, மாத்திரையா?

ஹெபடைடிஸ் பி இருக்கிறது, கல்லீரலும் தழும்பேறி சிரோசிஸ் ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, ஒரு மில்லிக்கு 1,400 ஐயு; கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி நார்மல். "2,000-க்குக் கீழேதானே, ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாம்" என்பார் ஒருவர். வைரஸை அடக்கும் மாத்திரையை உடனே தொடங்கச் சொல்வார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம்.

பொறுக்கச் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. தைவானில் 3,653 பேரைப் பல வருடம் கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. வைரஸ் ஒரு மில்லிக்கு 300 காப்பிக்கும் (இது ஐயு அல்ல, வேறு அலகு) குறைவாக இருந்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. 10 லட்சமும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 14.9 சதவீதம். எண் குறைந்தால் பயமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களில் மிகச் சிலருக்கே சிரோசிஸ் இருந்தது. தழும்பேறிய கல்லீரலில் செல்கள் வருடக்கணக்காகச் செத்துச் செத்துப் புதிதாக முளைத்திருக்கும். வைரஸின் டிஎன்ஏ சில செல்களின் டிஎன்ஏவுக்குள்ளேயே புகுந்திருக்கும். அந்தப் பழைய சேதமெல்லாம் இன்றைய ரத்தப் பரிசோதனையில் தெரியாது. எஸ்ஜிபிடி நார்மலாக இருப்பதும் ஆறுதல் இல்லை. சிரோசிஸ் முற்றியவர்களுக்கும் அப்படி வருவதுண்டு.

சரி, மாத்திரையால் என்ன லாபம்? ஆசிய-பசிபிக் நாடுகளில் சிரோசிஸ் அல்லது அதை நெருங்கிய தழும்பு இருந்த 651 பேரிடம் லாமிவுடின் என்ற வைரஸ் மாத்திரையைச் சோதித்த முடிவு 2004-இல் வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்குப் புற்றுநோய். லாமிவுடின் எடுத்தவர்களில் 3.9. அவர்களுக்கு வைரஸ் அதிகம் இருந்தது, குறைந்த எண்ணுக்கு இவ்வளவு நேரடியான சான்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தும் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள், சிரோசிஸில் வைரஸ் கொஞ்சம் தென்பட்டாலே மாத்திரை தொடங்கச் சொல்கின்றன.

லாமிவுடினுக்கு வைரஸ் சீக்கிரம் பழகிவிடும். இப்போது என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர்தான். முன்னதை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். பின்னதில் பழைய வகைக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கவனிக்க வேண்டும். முன்பு லாமிவுடின் எடுத்தவருக்கு டெனோஃபோவிரே மேல்.

மாத்திரையின் பெரிய சுமை, அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க. நாமாக நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி, சிரோசிஸ் கல்லீரலைச் செயலிழக்க வைத்துவிடலாம். அப்புறம், வைரஸ் "கண்டறியப்படவில்லை" என்று வந்த பிறகும் புற்றுநோய் வரலாம். எந்த வழியில் போனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உண்டு. நல்ல ரிப்போர்ட் கையில் வந்ததும் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.