பழைய மிதிவண்டி: பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?
மொரிசியசில், மாஹேபூரின் உப்புக்காற்றிலும் கியூர்பிப்பின் மழையிலும் ஓடித் தேய்ந்த மிதிவண்டி கிறீச்சிடத் தொடங்கினால், புதியதற்கு விலை கேட்பதற்குமுன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று பார்ப்பதே முறை. புதிய சங்கிலியின் 24 கண்ணிகள், அவற்றை இணைக்கும் ஊசிகளில் முதலாவதிலிருந்து கடைசி வரை அளந்தால், சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும், 1/8 அங்குலம் கூடியிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும் என்பதால் செலவு ஏறும். மிதிக்கும்போது மட்டும் கேட்கும் முனகல் பெரும்பாலும் மிதிகட்டையிலோ நடு அச்சின் பேரிங்கிலோ இருக்கும், அதுவும் தீர்க்கக்கூடியதே.

புதிய வண்டி அமைதியாக ஓடும், ஆனால் எண்ணெயிடாவிட்டால் இதே உப்புக்காற்று அதையும் விட்டுவைக்காது. வண்டிச் சட்டகத்தின் பற்றவைப்பில் விரிசல் கண்டால் மட்டும், பேரம் பேசாமல், நான் புதியதையே வாங்குவேன்.