டிஎஸ்எல்ஆரில் ஆழ்வானப் படங்கள்: நம் வானத்துக்கு எது சரிப்படுகிறது

மங்கலான வான்பொருள்களைப் படமெடுக்க ஆசைப்படும் புதியவர்கள் முதலில் கேட்பது, என்ன கேமரா வாங்கலாம் என்பதுதான். கையில் ஏதாவது ஒரு டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதுவே போதும் என்பது என் பதில். நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது கேனான் 1300டி. 2016-இல் வந்த, 18 மெகாபிக்சல் கொண்ட தொடக்கநிலைக் கேமரா. ஓரியன் நெபுலா (நெபுலா என்றால் விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசு மேகம்), ஆண்ட்ரோமீடா, கார்த்திகைக் கூட்டம், ஒமேகா சென்டாரி, கரினா நெபுலா எல்லாம் இதில் எடுத்தவைதான்.

கேமராவைவிட எனக்கு அதிகம் இடித்தது வேறொன்று. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை வைத்துச் சொன்னவை. 8 முதல் 13 பாகை அட்சரேகைக்குள் இருக்கும் தமிழ்நாட்டுக்கு அவை பாதிதான் பொருந்துகின்றன. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுத நினைக்கிறேன்.

அதற்கு முன் லென்ஸ். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55 மிமீ-இல் வைத்தால் திறப்பு எஃப்/5.6, அதாவது 55-ஐ 5.6-ஆல் வகுத்த அளவு. ஒளி நுழையும் துளையின் விட்டம் 10 மிமீ கூட வராது. 50 மிமீ எஃப்/1.8 லென்ஸில் அது ஏறக்குறைய 28 மிமீ. பரப்பில் எட்டு மடங்கு. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தரும் பொருள் இந்தத் துறையில் வேறு இல்லை என்றே சொல்வேன். முழுக்கத் திறந்தால் ஓரத்து நட்சத்திரங்கள் சிதைந்து இழுபடும். எஃப்/2.8-க்கு வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எனக்கு அதுதான் நிலையான அளவு.

டெலஸ்கோப் இல்லாமல் என்ன கிடைத்துவிடும் என்று தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. ஆண்ட்ரோமீடா மண்டலம் வானத்தில் சுமார் 3 பாகை நீளம், அதாவது ஆறு முழு நிலவை வரிசையாக வைத்த அகலம். 250 மிமீ லென்ஸில் இந்தக் கேமராவின் படம் 5 பாகை அகலம் வரும். ஆண்ட்ரோமீடா அழகாக உள்ளே அமர்ந்துகொள்ளும். 1000 மிமீ குவியத் தூரம் உள்ள டெலஸ்கோப்பில் பொருத்தினால் அதே கேமரா 1.3 பாகையைத்தான் பார்க்கும். தொடக்கத்தில் எடுக்கத் தகுந்த பொருள்கள் பலவும் இப்படிப் பெரியவைதான். மங்கலாக இருப்பதால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ட்ரைபாட் மட்டும் இருந்தால் எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம்? வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது (ஒரு பாகைக்கு 3600 விகலை). 1300டி-யில் 50 மிமீ லென்ஸ் போட்டால் ஒரு பிக்சல் சுமார் 18 விகலையைப் பிடிக்கும். 3 நொடியில் நட்சத்திரம் இரண்டரைப் பிக்சல் நகரும். அது கண்ணை உறுத்தாது. 500-ஐக் குவியத் தூரத்தால் வகுக்கச் சொல்லும் பழைய விதியை, சின்ன சென்சாருக்காக 1.6-ஆலும் வகுத்துப் பார்த்தால் 6 நொடி கிடைக்கும். என் அனுபவத்தில் அது அதிகம். ஓரியன் வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) பக்கத்தில் இருப்பதால் முழு வேகத்தில் ஓடும், 3 அல்லது 4 நொடிதான். வடக்கே 41 பாகையில் இருக்கும் ஆண்ட்ரோமீடா 5 நொடி வரை தாங்கும்.

இப்படி எடுத்த ஒற்றைப் படத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஸ்டாக்கிங் என்பது இதுதான். நட்சத்திரங்களை வைத்துப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தியதும் நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும்; சென்சாரின் நாய்ஸ், அதாவது தாறுமாறான புள்ளிகள், படத்துக்குப் படம் மாறும். சராசரி எடுக்கும்போது நாய்ஸ் அடங்குகிறது. 100 படம் அடுக்கினால் 10 மடங்கு தெளிவு, 400 அடுக்கினால் 20 மடங்கு. இரட்டிப்புத் தெளிவுக்கு நான்கு மடங்கு உழைப்பு என்ற இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டுவிட்டால், ஒரே இரவில் ஐந்து பொருளைத் துரத்தும் ஆசை தானாகக் குறையும். ஒரு இரவு, ஒரு பொருள். இப்படி அடுக்கித் தரும் மென்பொருள்களில் சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டும் இலவசம். நான் சிரிலில் நின்றுவிட்டேன், நிறச் சமநிலையும் பின்னணி நீக்கமும் அதிலேயே முடிந்துவிடுகின்றன.

கேமரா அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரா கோப்பு (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிப்பது), ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவு 1600. நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி இரவை அது தின்றுவிடும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையத்தில் டேப் ஒட்டிவிடலாம். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். நேரம் வைத்துத் தொடர்ந்து சுடும் வசதி 1300டி-யில் இல்லை, அதற்குத் தனியாக ஒரு வயர் ரிமோட் வாங்க வேண்டும்.

சரி, நம் வானத்துக்கு வருவோம்.

வெளிநாட்டுப் பாடங்களில் ஆண்ட்ரோமீடாவுக்குச் சொல்லும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். இங்கே அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மார்கழிக் கடைசியிலிருந்து தை வரை, இருட்டியதும் வடமேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பிடிப்பதுதான் நமக்கு வாய்ப்பு. ஐரோப்பாவின் வடபகுதியில் ஜூன் மாத இரவுகள் முழுதாக இருட்டுவதே இல்லை என்று புலம்புவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. எந்த மாதமானாலும் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு வந்துவிடும்.

தேதி பார்க்கச் செயலி எதுவும் தேவையில்லை, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். தை அமாவாசையை ஒட்டிய இரவுகள் ஓரியன் நெபுலாவுக்கென்றே அமைந்தவை. மழை முடிந்து காற்று தெளிந்திருக்கும், முன்னிரவிலேயே ஓரியன் உச்சிக்கு அருகில் இருக்கும். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே கேமராவைத் திருப்பினால் போதும். சுமார் 1,350 ஒளியாண்டு தூரம், ஆனாலும் 3 நொடிப் படம் ஒன்றிலேயே அதன் சிறகு லேசாகத் தெரியும். புதியவர்கள் முதலில் எடுக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது.

எனக்கு ஆண்டின் மிகச் சிறந்த இரவு மகா சிவராத்திரி. அமாவாசைக்கு முந்தைய தேய்பிறைச் சதுர்த்தசி என்பதால் நிலவு விடியலை ஒட்டித்தான் மெல்லிய கீற்றாக எழும். முன்னிரவில் ஓரியன். நள்ளிரவு தாண்டும்போது தெற்கே கரினா நெபுலா, ஜவ்வாது மலையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 18 பாகை உயரத்தில். மூன்று மணி வாக்கில் ஒமேகா சென்டாரி 30 பாகை உயரத்தில். விடியலுக்கு முன் தென்கிழக்கில் பால்வீதியின் மையம் ஏறிவிடும். நேரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், எடுப்பது இவற்றில் ஏதாவது ஒன்றைத்தான்.

ஒமேகா சென்டாரி லண்டனில் உதிப்பதே இல்லை. நியூயார்க்கில் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு போகும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட உருண்டை அது. வானத்தில் முழு நிலவைவிடச் சற்றுப் பெரியது. அவர்களுடைய பாடங்களில் தொடக்கப் பொருள் பட்டியலில் இது இருக்காது. நமக்கோ மிக எளிதான பொருள்களில் ஒன்று: 250 மிமீ லென்ஸில் விளிம்பு நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். தமிழ்நாட்டில் தொடங்குகிறவர் யாரானாலும் தெற்கு அடிவானம் திறந்திருக்கும் இடமாகப் பார்த்துப் போகச் சொல்வேன்.

அப்புறம் ட்ராக்கர். 3 நொடிப் படங்களாக ஒரு மணி நேரம் சேர்க்க 1,200 தடவை ஷட்டர் விழ வேண்டும். கோப்புகள் மட்டும் 28 ஜிபி. வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் இருந்தால் ஒரு நிமிடப் படங்கள் 60 போதும். மடிக்கணினிக்கும் நிம்மதி, ஷட்டருக்கும் ஆயுள். ஆனால் அதன் அச்சு வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும், நம் ஊரில் சங்கடமே அங்கேதான். துருவ நட்சத்திரம் நம் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. தென்னை மரம், மலை முகடு, அடிவானப் புழுதி என்று ஏதாவது ஒன்று மறைத்துக்கொண்டே இருக்கும்.

இதற்காகப் பயந்து ட்ராக்கரே வேண்டாம் என்று விடத் தேவையில்லை. அச்சு ஒரு பாகை விலகியிருந்தால் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 விகலை இழுக்கும். 50 மிமீ லென்ஸில் அது ஒரு பிக்சல்கூட இல்லை. காந்த ஊசியை வைத்து வடக்கைப் பிடித்து, கைபேசியின் சாய்வுமானியில் அட்சரேகையை வைத்தாலே வேலை ஓடும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சிறியது என்பது நமக்குக் கிடைத்த வசதி. 250 மிமீ-க்குப் போகும்போது அதே பிழை நான்கு பிக்சலுக்கு மேல் ஆகிவிடும், அப்போது துருவ நட்சத்திரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஆகவே தெற்கும் வடக்கும் இரண்டும் திறந்த இடம் தேவை.

கையில் காசு குறைவாக இருந்தால் இரண்டு பலகை, ஒரு கீல், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்6 (6 மிமீ தடிமன்) மரைத்தண்டு ஒன்று வைத்து நீங்களே ஒரு ட்ராக்கர் செய்யலாம். கீலிலிருந்து 228.5 மிமீ தள்ளி மரைத்தண்டைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் சுற்றினால் பூமியின் சுழற்சிக்கு ஈடாகும். 50 மிமீ லென்ஸுக்கு இது தாராளமாகப் போதும். என் ஆரம்ப காலப் படங்களில் நல்லவை பல இதில் எடுத்தவையே, கையால் சுற்றி.

இங்கே பெரிய எதிரி வெப்பம். டிஎஸ்எல்ஆர் சென்சாருக்குக் குளிரூட்டி கிடையாது. வெப்பம் 6 பாகை செல்சியஸ் போலக் கூடும்போதெல்லாம் அதன் இருட்டு மின்னோட்டம் (ஒளியே படாவிட்டாலும் சென்சாரில் சேரும் மின்னோட்டம்) இரட்டிப்பாகும். சித்திரை மாதச் சமவெளி இரவில் எடுத்த படத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அதே கேமரா தை மாதம் மலைமேல் எடுத்தால் சுத்தமாக இருக்கும். கடைசியில் லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே நேர அளவில் முப்பது டார்க் ஃபிரேம்கள், அதாவது அடுக்கும்போது இந்தப் புள்ளிகளைக் கழிப்பதற்கான இருட்டுப் படங்கள், அங்கேயே, அந்த வெப்பநிலையிலேயே எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எடுப்பது பயன் தராது. கூடவே, பத்துப் பதினைந்து படத்துக்கு ஒருமுறை கேமராவைக் கொஞ்சம் நகர்த்திவிடுவது டார்க்கைவிட அதிகம் உதவுகிறது. சென்சாரின் கறைகள் ஒரே இடத்தில் குவியாது.

ஈரப்பதமும் அப்படியே. மலையில் பின்னிரவுப் பனி லென்ஸில் படியும். பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் படியாது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் லென்ஸை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பூஞ்சை வந்துவிட்டால் சுத்தம் செய்யும் செலவு சில சமயம் லென்ஸ் விலையையே எட்டிவிடும்.

இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். சென்னைக்குள்ளிருந்து ஒளிமாசு ஃபில்டர் போட்டு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பழைய சோடியம் விளக்குகள் குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்ந்ததால் அந்த ஃபில்டர்களுக்கு வேலை இருந்தது. எல்இடி தெருவிளக்கு எல்லா நிறத்திலும் ஒளிர்கிறது. அதை மட்டும் பிரித்து நீக்க வழியில்லை. ஃபில்டர் வாங்கும் காசுக்குப் பேருந்து ஏறி ஜவ்வாது மலைக்குப் போவது மேல். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கும் வைனு பாப்பு வானாய்வகம் அங்கே காவலூரில் இருக்கிறது. அந்தப் பக்கத்து இருட்டு நமக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் வேண்டும்; அங்கே போகும்போது வண்டி விளக்கையும் டார்ச்சையும் அடக்கமாகப் பயன்படுத்த வேண்டும். காட்டுப் பகுதியில் போய் நிற்காமல், ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, தெரிந்தவர் நிலத்தில் ட்ரைபாட்டை வைப்பதே பாதுகாப்பு.

1300டி-யில் நான் உணரும் ஒரே உண்மையான குறை, சிவப்பு. நெபுலாக்களின் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் ஒளிர்கிறது. சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார் முன் இருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஓரியன், கரினா, லகூன் ஆகியவை பிரகாசமானவை என்பதால் சமாளித்துவிடும். விண்மீன் கொத்துகளுக்கும் ஆண்ட்ரோமீடாவுக்கும் பாதிப்பு மிகக் குறைவு. ரோசெட், குதிரைத்தலை போன்ற மங்கலான நெபுலாக்கள் இரண்டு மணி நேரம் சேர்த்தாலும் மெலிதாகத்தான் வரும். ஃபில்டரைக் கழற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். கழற்றிவிட்டால் பகல் படங்கள் சிவந்து போகும், வீட்டு விசேஷங்களுக்கும் இதே கேமராதான் என்பதால் நான் தொடவில்லை. ஏற்கெனவே கழற்றிய பழைய கேமரா உடல் நல்ல விலைக்கு வந்தால் அதை இரவுக்கென்று தனியாக வாங்கிக்கொள்வேன். அதுவரை ரோசெட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பங்குனி இரவுகளில் தெற்கேதான் கேமராவைத் திருப்புகிறேன்.