செயின்ட் லூக்ஸா, ஆல் செயின்ட்ஸா?

லண்டனில் ஒரு மதியம்தான் கையில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டு தேவாலயம் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், என் ஓட்டு மார்கரெட் தெரு ஆல் செயின்ட்ஸுக்கு.

செல்சியின் செயின்ட் லூக்ஸ் (1824) கம்பீரம்தான். ஜேம்ஸ் சாவேஜ் வளைவுக் கூரையை நிஜக் கல்லிலேயே கட்டினார். ஆனால் கோதிக் (கூர்முனை வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணி) உடலுக்குள் பக்கவாட்டு மாடங்கள், அதாவது ஆட்கள் உட்காரும் மேல்தளங்கள்: பிரசங்கம் கேட்க வரும் கூட்டத்துக்கான பழைய ஏற்பாடு. நாவலாசிரியர் டிக்கன்ஸின் கல்யாணம் 1836இல் இங்கேதான் நடந்தது, அது உபரி.

கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டின் ஆல் செயின்ட்ஸ் (1859) குறுகலான இடத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. வெளியே சிவப்புச் செங்கல்லில் கறுப்புப் பட்டைகள். உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் வண்ணம். பிரசங்க மேடையைக்கூட விடவில்லை, அதுவும் பல நிறப் பளிங்கு. பக்க மாடங்கள் இல்லாததால் பார்வை நேரே பலிபீடத்துக்குப் போகிறது. கொஞ்சம் அதிகப்படிதான். இருந்தாலும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பீர்கள்.