நார்த்கேட்டா, நார்த்லேண்டா?

அமெரிக்கப் புறநகர்களில் எழுந்த திறந்தவெளிக் கடை வளாகங்களில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சியாட்டிலின் நார்த்கேட் 1950-இல் திறந்தது. டெட்ராய்ட்டை ஒட்டிய நார்த்லேண்ட் 1954-இல். இரண்டையும் சுற்றிக் கார் நிறுத்தும் திடல். சரக்கு லாரிகளுக்குத் தனிச் சுரங்கப்பாதை.

ஜான் கிரஹாம் வடிவமைத்த நார்த்கேட்டில் எல்லாம் கணக்குதான்: நேர்கோட்டில் ஒரே நடைவீதி, இருபுறமும் கடைகள். எதிர்வரிசைக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்பது இந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். வியாபாரத்துக்குச் சரி, சும்மா உட்காரத் தோன்றுமா என்றால் சந்தேகம்தான்.

விக்டர் க்ரூயனின் நார்த்லேண்டில் ஹட்சன்ஸ் பெருங்கடை நடுவில் நின்றது. சிறுகடைகள் அதைச் சூழ்ந்திருந்தன. எங்கே காரை விட்டாலும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கெட்டிக்கார ஆள்! ஆனால் அந்த நடைக்கு அவர் கூலியும் கொடுத்தார்: இடையிடையே முற்றங்கள், பூச்செடிகள், மழைக்கு ஒதுங்கத் தூண் வைத்த தாழ்வாரங்கள். ஒரு முற்றத்தில் மார்ஷல் ஃபிரெடெரிக்ஸ் செய்த சிலை, கரடி மேல் ஒரு சிறுவன்.

என் ஓட்டு நார்த்லேண்டுக்கு. அப்புறம் 1970-களில் இரண்டுக்குமே கூரை போட்டு மூடிவிட்டார்கள். நார்த்லேண்ட் 2015-இல் கடையைக் கட்டியது. நார்த்கேட் இடத்தில் இப்போது ஐஸ் ஹாக்கி பயிற்சி அரங்கம் இருக்கிறது.