நீளக் கால், குட்டை உடல்: 54 எடுப்பதா, 56 எடுப்பதா?

ரோட் சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு 172 செ.மீ. உயரம் என்றால், பெரும்பாலான அளவு அட்டவணைகள் ஃபிரேம் அளவு 54 (செ.மீ.) என்று சொல்லிவிடும். அதே உயரத்தில் உள்கால் நீளம் (கவட்டிலிருந்து தரை வரை) 86 செ.மீ. உள்ளவரும் உண்டு, 74 உள்ளவரும் உண்டு. உள்கால் நீளத்தை 0.67-ஆல் பெருக்கும் பழைய கணக்கோ முன்னவருக்கு 58, பின்னவருக்கு 50 என்கிறது. சீட்டுப் பக்கத்தையும் ஹேண்டில்பார் பக்கத்தையும் இணைக்கும் மேல்குழாய் கிடைமட்டமாக இருந்த காலத்துக் கணக்கு அது. இன்றைய ஃபிரேம்களில் மேல்குழாய் சரிந்து இறங்குவதால், கால் நீளத்தைச் சீட்டைத் தாங்கும் தண்டான சீட்போஸ்ட்டே சமாளித்துவிடும். கைக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தை அது சமாளிக்காது.

அதனால் பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் இரண்டும்தான். பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் மையத்திலிருந்து, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச்.

முதலில் நீளக் கால்காரர். இவருக்கு சீட் உயரே போகும், ஹேண்டில்பார் கீழே தங்கிவிடும். உடனே 56 எடுக்கத் தோன்றும். ஒரு ரேஸ் ஃபிரேமில் 54-க்கு ஸ்டாக் 544, ரீச் 384 மி.மீ.; 56-க்கு 565, 395 என்று வைத்துக்கொள்வோம். ரீச் வித்தியாசம் 11 மி.மீ. தானே என்று ஏமாறக் கூடாது. 54-ல் ஹேண்டில்பாரை உயர்த்தும் வளையங்களான ஸ்பேசர் போட்டு அதே உயரத்துக்கு ஏற்றினால், முன்குழாய் பின்னால் சாய்ந்திருப்பதால் ஹேண்டில்பார் இன்னும் 6 மி.மீ. நம் பக்கம் வரும். ஆக உண்மையான வித்தியாசம் 17 மி.மீ. குட்டை உடலுக்கு அது பெரிய தூரம். கழுத்தும் தோளும் ஒரு மணி நேரத்திலேயே சொல்லிவிடும். 56-ல் 80 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரை முன்பக்கம் பிடித்திருக்கும் இணைப்புத் துண்டு) போட்டு ஒப்பேற்றுவதைவிட, 54-ல் 100 மி.மீ. ஸ்டெம்மும் 2 செ.மீ. ஸ்பேசரும் மேல் என்பேன். அதைவிட நல்லது, நீண்ட தூரம் சௌகரியமாக ஓட்டுவதற்கான எண்டூரன்ஸ் வகை 54: ஸ்டாக் ஏற்கெனவே கூடுதல், ரீச் சற்றுக் குறைவு. ஸ்பேசர் மலை தேவையே இல்லை. ஸ்டெம்மும் ஸ்பேசரும் மாட்டப்படும் கார்பன் ஸ்டியரர் குழாய்க்கு ஸ்பேசர் உச்சவரம்பு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். ஹேண்டில்பார் உயரம் உறுதியாகும் வரை அந்தக் குழாயை வெட்ட விடவே விடாதீர்கள்.

குட்டைக் கால், நீள உடல்காரருக்கு எல்லாம் தலைகீழ். 50 எடுத்தால் மார்பு ஒடுங்கிப்போகும், பாதம் முன்சக்கரத்தில் இடிக்கவும் கூடும். அவருக்கு ரேஸ் வகை 54 நன்றாகவே பொருந்தும். சீட் உயரம் சுமார் 65 செ.மீ. தான், அதனால் ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பது உறுத்தாது. மேல்குழாயைக் கால்களுக்கு நடுவே வைத்து நிற்க முடிகிறதா, சீட்போஸ்ட் அவ்வளவு கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 52, கூடவே 120 மி.மீ. ஸ்டெம்.

இருவரும் செய்யும் ஒரு தவறு, ஹேண்டில்பார் தூரம் சரியில்லை என்று சீட்டை முன்னாலோ பின்னாலோ தள்ளுவது. சீட்டின் முன்பின் நிலை தொடை நீளத்துக்கும் பெடலுக்கும் உள்ள கணக்கு. அதில் கை வைத்தால் முழங்கால் வலிக்கும். தூரத்தை ஸ்டெம்மில் சரிசெய்யுங்கள். அதற்கு 70 மி.மீ. ஸ்டெம்மோ 140 மி.மீ. ஸ்டெம்மோ தேவைப்பட்டால், அளவெடுத்துச் செய்யும் ஃபிரேமுக்குச் செலவழிப்பது வீண் அல்ல.